தூருக்கு ஒன்றா, இரண்டா? மருந்தை எடுக்கும் முன் புகையானை எண்ணச் சொல்லும் நெல் வயல் கணக்கு!

ஓ.எம்.ஆரில் கேளம்பாக்கத்தைத் தாண்டி திருப்போரூர் பக்கம் போகிறவர்களுக்குப் பழகிய காட்சிதான். ஒருபுறம் அடுக்குமாடிக் குடியிருப்பு, மறுபுறம் மனைப்பிரிவின் கொடிக்கம்பங்கள், இரண்டுக்கும் நடுவே ஏரித் தண்ணீரை நம்பி இன்னும் நெல் விளையும் சில வயல்கள். மழைக்காலம் முடியும் நாட்களில் அந்தக் குடியிருப்புகளின் பால்கனி விளக்குகளைப் பொடிப்பொடியான பூச்சிகள் மொய்க்கும். ஜன்னலைச் சாத்தினால் வீட்டுக்காரருக்குத் தொல்லை முடிந்தது. அந்தக் கூட்டத்தில் பழுப்பு நிறத்தில் ஒன்றிரண்டு இருந்தால், பக்கத்து வயல்காரரின் தூக்கத்தைக் கெடுக்கும் புகையானாக அது இருக்கலாம்.

புகையான் அரிசி மணியை விடச் சிறியது. இலை நுனியில் உட்கார்ந்து கண்ணில் படுகிற பூச்சி இல்லை. பயிரின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே, தூர்களுக்கு நடுவே கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். வரப்பில் நின்று பார்த்தால் வயல் பச்சைப்பசேல் என்றுதான் தெரியும். திடீரென ஒருநாள் நடு வயலில் வட்டமாகப் பயிர் தீய்ந்து கிடக்கும். அடுத்தடுத்த நாட்களில் வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். கதிர் முற்றும் நேரத்தில் இப்படி நடந்தால், அந்தப் போகத்துக்குப் போட்ட காசு அத்தனையும் கண்முன்னே காய்ந்துபோகும்.

அந்தப் பயத்தில்தான் நட்ட மூன்றாம் வாரமே மருந்துக் கடைக்கு நடை ஆரம்பிக்கிறது. ``பூச்சி விழுந்த மாதிரி தெரியுது, என்ன அடிக்கலாம்?'' என்று கேட்டால், கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து வைப்பார். எந்தப் பூச்சி, எத்தனை இருக்கிறது என்ற கேள்வி இருவருக்கும் இடையே வருவதே அபூர்வம். அந்தக் கேள்வியைக் கேட்காமல் அடிக்கும் மருந்தே புகையானைப் பெருக்கிவிடும் என்பதைப் பூச்சியியல் ஆய்வுகள் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டன.

மருந்து அடித்தால் எப்படிப் பெருகும்?

கேட்பதற்கு விநோதமாக இருந்தாலும் விஷயம் எளிதானது. பெண் புகையான் 200, 300 முட்டைகள் வரை இடும். முட்டைகளை இலையுறையின் திசுவுக்குள் செருகி வைப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அவற்றை எளிதில் தொடுவதில்லை. அதே வயலில் வலை பின்னாமல் ஓடியாடி வேட்டையாடும் ஓநாய்ச் சிலந்தி இருக்கிறது. ஒரு சிலந்தி ஒரு நாளில் 5 முதல் 15 புகையான் வரை தின்னும். புகையானின் முட்டையைத் தேடிக் குத்தி உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் இருக்கிறது. மருந்து பட்டால் முதலில் சாவது இந்தக் காவலர்கள்தான்.

ஒரு வாரம், பத்து நாளில் முட்டைகள் பொரிக்கும். குஞ்சுகள் வெளியே வரும்போது அவற்றைத் தின்ன வயலில் ஆள் இருக்காது. போதாக்குறைக்கு, செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகள் சில, உயிர் தப்பிய புகையான்களை அதிகம் முட்டையிடவும் தூண்டுகின்றன. இதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் பரிந்துரையில், புகையான் வரும் காலத்தில் இந்த வகை மருந்துகளையும் குயினால்பாஸ் போன்றவற்றையும் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நம்ம ஊர் ரகம் செய்த உபகாரம்

பூச்சியைத் தாங்கும் ரகம் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லையே என்று கேட்கலாம். அந்தக் கதையிலும் இந்த வட்டாரத்துக்குப் பங்கு உண்டு. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம். கோ 18, ஜி.இ.பி 24 என்ற இரண்டு ரகங்களை ஒட்டுச்சேர்த்து அங்கே உருவான டி.கே.எம் 6 என்ற ரகம் 1952-ல் வெளிவந்தது. தண்டுத்துளைப்பானை அது ஓரளவு தாங்கி நின்றது.

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அந்த டி.கே.எம் 6-ஐ எடுத்துத் தன் ஒட்டுகளில் சேர்த்தது. அப்படிப் பிறந்த ஒன்றுதான் 1969-ல் வந்த ஐ.ஆர் 20. வீட்டில் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், அந்த அரிசியின் பேர் நினைவிருக்கும். ஆனால், ஐ.ஆர் 20 புகையானைத் தாங்கவில்லை. டி.கே.எம் 6-ன் இன்னொரு வாரிசான ஐ.ஆர் 26, புகையானைத் தாங்கும் என்று 1973-ல் வந்தது. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேஷியாவிலும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பரவியது. இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த ரகத்தையே தின்னப் பழகிய புதிய புகையான் கூட்டம் வந்துவிட்டது. நம் பக்கத்திலும் 1973-74-ல் கேரளத்தின் குட்டநாட்டு வயல்களைப் புகையான் பெரிய அளவில் அழித்தது.

ரகம் மட்டும் போதாது, மருந்து மட்டும் போதவே போதாது என்று ஆனபோது, பாதையை மாற்றிக் காட்டிய நாடு இந்தோனேஷியா. மருந்து விலையில் பெரும்பகுதியை அரசே மானியமாகக் கொடுத்துக்கொண்டிருந்த நாடு அது. கொடுக்கக் கொடுக்கப் புகையான்தான் கூடியது. 1986 நவம்பரில் அதிபர் சுகார்தோ ஓர் ஆணை போட்டார். நெல்லுக்கு அடிக்கும் 57 வகைப் பூச்சிமருந்துகளுக்கு ஒரே நாளில் தடை! அடுத்த சில ஆண்டுகளில் மானியமும் நின்றது. விளைச்சல் சரிந்துவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. அப்படி நடக்கவில்லை.

வயலே வகுப்பறை

தடை போட்டதை விட, அதற்குப் பிறகு செய்த வேலைதான் பெரியது. 1989-ல் ஐ.நா-வின் உணவு, வேளாண்மை அமைப்பின் துணையோடு அங்கே `உழவர் வயல்வெளிப் பள்ளி' தொடங்கியது. இந்த முறை பிறகு ஆசியா முழுவதும் பரவி இந்தியாவுக்கும் வந்தது. மத்திய அரசின் திட்டத்தில் 30 விவசாயிகள், 14 வாரம், வாரத்துக்கு ஒரு நாள் என்பது வழக்கமான அமைப்பு. தமிழ்நாட்டில் திருச்சியில் உள்ள மத்திய ஒருங்கிணைந்த பயிர் பாதுகாப்பு மையம் இந்தப் பணியைச் செய்கிறது.

பாடப்புத்தகம் கிடையாது. காலையில் நாலைந்து பேர் கொண்ட குழுக்களாக வயலில் இறங்க வேண்டும். பத்து, இருபது குத்துகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் விலக்கி அடித்தண்டு வரை பார்க்க வேண்டும். கெடுதல் செய்யும் பூச்சி எத்தனை, அதைத் தின்னும் பூச்சி எத்தனை என்று எண்ணி, கரைக்கு வந்து ஒரு பெரிய தாளில் படம் வரைய வேண்டும். நடுவில் நெற்பயிர், ஒருபக்கம் எதிரிகள், மறுபக்கம் நண்பர்கள். `இந்த வாரம் மருந்து தேவையா?' என்று குழு வாதாடி முடிவெடுக்கும். அதிகாரி பதில் சொல்லக் கூடாது. கேள்வி மட்டும்தான் கேட்கலாம். அதிகாரிகளுக்கு இதுதான் கஷ்டமான பாடமாக இருந்திருக்கும்!

இந்தப் பள்ளியில் இரண்டு சோதனைகள் ரொம்பப் பிரபலம். ஒன்று, வலைத்துணி போட்டு மூடிய ஒரு செடியில் சில புகையான்களோடு ஒரு சிலந்தியை விடுவது. மறுநாள் வந்து எண்ணிப் பார்த்தால், சிலந்தி யார் பக்கம் என்று வகுப்பெடுக்கத் தேவையில்லை.

இன்னொன்று, கத்தரிக்கோல் சோதனை. இளம் பயிரில் ஒரு பாத்தியின் இலைகளில் கால்வாசி, இன்னொரு பாத்தியில் பாதி என்று வேண்டுமென்றே வெட்டிவிடுவார்கள். இலைச்சுருட்டுப் புழு தின்றது போல வயல் பார்க்கவே பரிதாபமாக இருக்கும். ஆனால் பயிர் புது இலை விட்டு, சிம்பு வெடித்து ஈடுகட்டிக்கொள்ளும். அறுவடையில் எடைபோட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது. இலையில் நாலு ஓட்டை கண்டதும் கடைக்கு ஓடிய கால்கள், இதைப் பார்த்தபின் கொஞ்சம் யோசிக்கும்.

வியட்நாமில் இதையே இன்னும் சுருக்கிவிட்டார்கள். 1990-களில் மேகாங் ஆற்றுப் படுகையில், `முதல் 40 நாள் பூச்சிமருந்து வேண்டாம். நம்பிக்கை இல்லையா? உங்கள் வயலில் ஒரு மூலையில் மட்டும் சோதித்துப் பாருங்கள்' என்று விவசாயிகளிடம் சொல்லப்பட்டது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கே.எல்.ஹியோங் என்ற பூச்சியியல் அறிஞரும் அவரோடு பணியாற்றியவர்களும் வானொலி நாடகம், சுவரொட்டி என்று இந்தச் செய்தியைக் கொண்டுபோனார்கள். லாங் ஆன் மாகாணத்தில் ஒரு போகத்துக்கு மருந்தடிக்கும் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. `நிறுத்து' என்று சொல்லாமல் `ஒரு மூலையில் மட்டும்' என்று கேட்டதுதான் அந்தத் திட்டத்தின் சாமர்த்தியம். தோற்றால் நஷ்டம் ஒரு மூலைக்குத்தானே!

இங்கே எண்ண வேண்டியது என்ன?

செங்கல்பட்டு மாவட்டத்தின் சொர்ணவாரி, சம்பா, நவரை மூன்று பட்டத்துக்கும் பொருந்தும் கணக்கை வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொடுத்திருக்கிறது. நட்ட நாற்று வளர்ந்து நிற்கும் ஒரு கொத்துக்குப் பேர் குத்து. அதில் வெடித்திருக்கும் ஒவ்வொரு தண்டும் ஒரு தூர். வயலில் சிலந்தி இல்லை என்றால் தூருக்கு 1 புகையான் தென்பட்டதும் நடவடிக்கை எடுக்க வேண்டும். குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். அதாவது, ஒரே ஒரு சிலந்தி இருந்தால் அந்தக் குத்து இரண்டு மடங்கு புகையானைத் தாங்கும் என்று ஆராய்ச்சியே ஒப்புக்கொள்கிறது. 20 தூர் உள்ள குத்தில் 15 புகையானும் 1 சிலந்தியும் இருந்தால், பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். கணக்குப்படி பாட்டிலைத் திறக்கத் தேவையில்லை.

தண்டுத்துளைப்பானுக்கு 10 சதவிகித நடுக்குருத்து காய்ந்திருக்க வேண்டும், அல்லது 2 சதவிகித வெண்கதிர் தெரிய வேண்டும். இலைச்சுருட்டுப் புழுவுக்கு, வளரும் பருவத்தில் 10 சதவிகித இலைச் சேதம், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 5 சதவிகிதம். அதற்குக் கீழே என்றால் பயிரே சமாளித்துக்கொள்ளும்.

புகையான் சேராமல் பார்த்துக்கொள்ளக் காசு செலவில்லாத வழிகளும் உண்டு. நடும்போதே எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டால் அடித்தண்டு வரை வெயிலும் காற்றும் போகும். அந்த இடைவெளியில் இறங்கிப் பூச்சி எண்ணுவதும் சுலபம். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போட வேண்டும். கருகருவென்று தழைத்த பயிர் பார்க்க அழகு, புகையானுக்கும் அதுவே விருந்து. தண்ணீரைக் கட்டியே வைக்காமல் இடையிடையே வடித்துக் காயவிட வேண்டும். வரப்பில் தட்டைப்பயறோ உளுந்தோ விதைத்தால் நன்மை செய்யும் குளவிகளுக்கும் வண்டுகளுக்கும் தங்குமிடம் ஆகும். வீட்டுக்குக் கொஞ்சம் பயறும் கிடைக்கும்.

தண்டுத்துளைப்பான் முட்டைக்கு டிரைக்கோகிரம்மா என்ற நுண்ணிய குளவி இருக்கிறது. அதன் முட்டை ஒட்டுண்ணி அட்டையை நட்ட 30, 37-ம் நாட்களில் ஏக்கருக்கு 2 சி.சி வீதம் இலைகளில் கட்டச் சொல்கிறார்கள். அட்டை கட்டிய வாரத்தில் மருந்தடித்தால் கட்டிய காசு வீண்.

மரவள்ளியையும் பப்பாளியையும் தாக்கிய மாவுப்பூச்சிக்கு இவ்வளவு பாடு தேவைப்படவில்லை. 2008-ல் கோவையில் முதலில் தென்பட்ட அந்தப் பூச்சியை ஒடுக்க, 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகள் வரவழைக்கப்பட்டன. வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி விட்டது, குளவிகள் தாமே பரவி வேலையை முடித்தன. நெல்லில் அப்படி நடக்காது. சிலந்தியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை, வயலிலேயே இருக்கிறது. அதை வைத்துக்கொள்வதா, கொல்வதா என்ற முடிவு வாரா வாரம் வயல்காரர் கையில்தான்.

கேளம்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் இந்த முடிவு இன்னும் சிக்கலானது. நிலம் ஒருவருடையது, பயிர் குத்தகைக்காரருடையது. அடுத்த வருஷம் இதே வயல் இருக்குமா, மனையாகுமா என்று தெரியாதவருக்கு, 14 வாரம் வகுப்புக்கு வர மனசு எப்படி வரும்? ஒரு போகம் தவறினால் கடனை அடைக்க வழி இல்லாதவர், `எதற்கும் ஒரு தடவை அடித்துவிடலாம்' என்று நினைப்பதில் தப்பு சொல்லவும் முடியாது. பயிற்சி அலுவலக அரங்கத்தில் நடக்கிறது, மருந்துக் கடை பஸ் ஸ்டாப்பிலேயே இருக்கிறது. வகுப்பு வரப்புக்கு வராதவரை கடைதான் ஜெயிக்கும்.

இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குக் காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. திருப்போரூர் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் கேட்கலாம். நேரில் போக முடியாதவர்கள் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணைக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பேசுவதற்கு முன் நாலைந்து இடங்களில் குத்தை விலக்கி, தூருக்கு எத்தனை புகையான், குத்துக்கு எத்தனை சிலந்தி என்று எழுதிவைத்துக்கொண்டால் பதிலும் துல்லியமாகக் கிடைக்கும். எண்ணிக்கை எல்லையைத் தாண்டியிருந்தால் முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும். பிறகு அவர்கள் சொல்லும் மருந்தை, சொல்லும் அளவில், இலைமேல் தூவாமல் தூர்களின் அடியில் படும்படி தெளிக்க வேண்டும். புகையான் உட்கார்ந்திருப்பது அங்கேதான்.