தேயிலை கலக்கிறவரின் நாக்கு

சாய்ந்தமருதிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கட்டாரில் வேலை செய்பவர். விடுமுறையில் ஊருக்கு வரும்போது விமான நிலையக் கடையில், தொப்பியும் தடியுமாக நடந்து போகிற ஒரு மனிதனின் படம் போட்ட சதுரப் போத்தலைக் கண்டாராம். "இந்த விஸ்கியைத் தொடக்கின ஆள் தேயிலை வித்த கடைக்காரர் எண்டு கூட வந்த ஒருவர் சொன்னார். உண்மையா, நானா?" என்று கேட்கிறார்.

உண்மைதான். மது நமக்கு ஆகாதது; அதைப் பற்றி எழுத எனக்கு மனமும் இல்லை. ஆனால் தம்பியின் கேள்விக்குள் தேயிலை இருக்கிறது. தேத்தண்ணிக்கடைக்காரரின் மகன் நான், அதை எப்படி விட முடியும்?

ஜோன் வாக்கர் என்பவர் 1820இல் ஸ்கொட்லாந்தின் கில்மார்னொக் ஊரில் பலசரக்குக் கடை போட்டார். அவருடைய மகன் அலெக்சாண்டர் கிளாஸ்கோவில் ஒரு தேயிலை வியாபாரியிடம் தொழில் பழகினார். ஒரு பெட்டித் தேயிலையைப் போல இன்னொரு பெட்டி இராது. சிலவற்றை அளந்து கலந்தால், போன மாதம் வாங்கியவருக்கு இந்த மாதமும் அதே சுவையைக் கொடுக்கலாம். அந்தக் காலத்தில் விஸ்கியும் பீப்பாய்க்கு ஒரு சுவையாக இருந்தது. 1860இல் வந்த சட்டம் பல வகை விஸ்கியைக் கலக்க வழி திறந்துவிட, அலெக்சாண்டர் தேயிலையில் பழகிய கையை அதில் வைத்தார்.

இரண்டு பானங்களின் வரலாற்றிலும் இன்னொரு ஒற்றுமை உண்டு. பிரான்ஸில் 1860களில் திராட்சைக் கொடியின் வேரை ஒரு பூச்சி அரிக்கத் தொடங்கியது. பிராந்திக்குத் தட்டுப்பாடு வந்தது, அந்த இடத்தை விஸ்கி பிடித்துக்கொண்டது. இலங்கையில் 1869இல் கோப்பி இலையில் துரு போல ஒரு பூஞ்சை படர்ந்து தோட்டம் தோட்டமாக அழித்தது. இரண்டு வருடம் முந்தி, 1867இல், லூல்கந்துரவில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் நட்டிருந்த தேயிலை அந்த இடத்துக்கு வந்தது. அவரும் ஸ்கொட்லாந்துக்காரர். 1890இல் இங்கே வந்து ஹப்புத்தளைப் பக்கம் தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டன் கிளாஸ்கோவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அந்தந்த ஊர்த் தண்ணீருக்குப் பொருந்துகிற மாதிரித் தேயிலையைக் கலந்து விற்கிறோம் என்று அவர் விளம்பரம் செய்தார்.

அது வெறும் விளம்பரப் பேச்சில்லை. சுண்ணாம்புச் சத்துக் கூடிய தண்ணீரில் ஊற்றின தேத்தண்ணியில் மேலே ஆடை மாதிரி ஒன்று படியும், வாசமும் மங்கும். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கிணறு உப்பாகிப் போனது. அதே கடையில் வாங்கின அதே தேயிலை, உம்மாவின் அதே கை. வாயில் வைக்க முடியவில்லை. பவுசர் தண்ணீர் வந்த அன்றுதான் தேத்தண்ணி தேத்தண்ணியாக இருந்தது.

கொழுந்து பறிப்பது, வாட்டுவது, உருட்டுவது எல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடப்பதை. கொழும்பில் 1883 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு வரும் தேயிலையை ருசி பார்ப்பவர்கள் நீள மேசையில் வெள்ளைப் பீங்கான் கோப்பைகளை வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நிறுத்துப் போட்ட தூள், கொதித்த தண்ணீர், ஐந்தாறு நிமிடம். பிறகு ஒரு கரண்டி எடுத்து, 'சர்ர்' என்று காற்றோடு சேர்த்து உறிஞ்சுவார்கள். வீட்டில் நாம் அப்படி உறிஞ்சினால் உம்மா ஏசுவா. அங்கே அதுதான் முறை. காற்றோடு சேர்ந்தால்தான் வாசம் அண்ணத்துக்குப் பின்னால் ஏறி மூக்கைத் தொடும். விழுங்குவதில்லை, துப்பிவிடுவார்கள். வாப்பும்மாவின் வெற்றிலைப் படிக்கம் போல, ஆனால் இடுப்பளவு உயரத்தில் ஒரு பாத்திரம் அவர்களோடு கூடவே நகரும்.

இந்தத் தொழிலில் என்னைப் பிடித்து வைத்திருப்பது ஒரு விசித்திரம். ஒரு பெயர் பெற்ற பக்கெட்டுக்குள் இருபது முப்பது தோட்டத்துத் தேயிலை இருக்கலாம். சுவை மாறாமல் இருக்க வேண்டுமானால் அளவுகள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். மழை கூடினால் ஒரு தோட்டத்தின் வாசம் குறைகிறது, இன்னொன்றைக் கூட்ட வேண்டும். திம்புளவும் நுவரெலியாவும் ஜனவரி முதல் மார்ச் வரை நன்றாக இருக்கும். ஊவாவின் காலம் ஜூலை முதல் செப்டம்பர் வரை. உம்மா கறித்தூள் இடிப்பதும் இப்படித்தான். மல்லி பழசென்றால் ஒரு பிடி கூடும், மிளகாய் காரமென்றால் குறையும். எழுதிவைத்த அளவு கிடையாது. ஆனால் நாற்பது வருடம் எங்கள் வீட்டு மீன்கறி ஒரே கறி.

ஊவாவுக்கு ஏன் அந்த மாதங்கள்? தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து கிழக்கே இறங்குகிறது. ஊவாச் சரிவில் அது படும்போது தேயிலைச் செடி வாடி, வளர்ச்சி குறைந்து, வாசத்தை இலைக்குள் இறுக்கிக்கொள்கிறது. அந்த வாசத்தில் மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள் கூடுதலாக இருக்கும். கைகால் வலிக்குப் பூசுகிற தைலத்தில் குளிர்ந்து மணக்கிறதே, அதே பொருள். பிறகு அந்தக் காற்று வயல்வெளியைத் தாண்டி நம்மிடம் வருகிறது. நாம் அதைக் கச்சான் என்கிறோம். உதடு வெடிக்கிறது, முற்றமெல்லாம் புழுதி என்று ஏசுகிறோம்.

இப்படிப் பொத்திப் பொத்திக் கலக்கிறவர்கள் இருக்கிற நாட்டில்தான் கழிவுத் தேயிலை பிடிபட்ட செய்தியும் அடிக்கடி வருகிறது. தொழிற்சாலையில் ஒதுக்கின தும்பையும் தூசியையும் சாயமேற்றி நல்லதோடு சேர்த்துவிடுகிறார்கள். கலவை, கலப்படம் இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள் என்பது எனக்கு வருத்தம். ஒருவர் வாங்குகிறவரின் நாக்கை நினைத்துக் கலக்கிறார், மற்றவர் அது மரத்துப்போயிருக்கும் என்று நம்பிக் கலக்கிறார். கொதிக்கிற சாயத்தில் மூன்று கரண்டி சீனியும் பால்மாவும் கொட்டி நாமும் அவருக்கு வசதி செய்து கொடுக்கிறோம். கச்சானில் நின்று கொழுந்து பறித்த மலையகத்துப் பெண்ணின் உழைப்பு அதோடு மண்ணாகிறது.

வாப்பா ஒருமுறை மலிவென்று ஒரு வியாபாரியிடம் ஐந்து கிலோ வாங்கினார். தண்ணீர் பட்டதும் கறுப்பாகச் சாயம் இறங்கியது, வாசமே இல்லை. வாடிக்கையாக வரும் ஒரு மூத்தவர் ஒரு மிடறு குடித்துவிட்டுப் பேசாமல் கிளாஸை வைத்தார். வாப்பா வெள்ளைத் துணியை நனைத்து விரித்து அந்தத் தூளைத் தூவினார். பச்சைத் தண்ணீரிலேயே ஒவ்வொரு துணுக்கைச் சுற்றியும் கபில நிறம் படர்ந்தது. நல்ல தேயிலை அப்படிச் சட்டென்று விடாது. ஐந்து கிலோவையும் தென்னை மரத்தடியில் கொட்டிப் புதைத்தார். அன்று கடை திறக்கவில்லை.

தம்பி, பக்கெட்டில் வாளேந்திய சிங்க இலச்சினை இருக்கிறதா என்று பாருங்கள். முழுக்க இலங்கைத் தேயிலையாக, இங்கேயே பொதி செய்ததாக இருந்தால்தான் தேயிலைச் சபை அதைக் கொடுக்கும். முடிந்தால் கலக்காத ஊவாத் தேயிலை கொஞ்சம் வாங்குங்கள். நல்ல தண்ணீரில் ஊற்றி, சீனி போடாமல் முதல் மிடறு குடியுங்கள். நாக்கின் ஓரத்தில் தைலம் போல ஒன்று குளிரும். நீங்கள் வந்திருப்பது ஆகஸ்ட்டில். அந்த நேரம் உங்கள் வீட்டு யன்னலையும் கச்சான் அடித்துக்கொண்டிருக்கும்.