மூலக்கூறு காட்டும் சாதனமும் விடைக்குக் காத்திருக்கும் முறையும்

மூலக்கூறுகளின் அமைப்பைத் திரையில் சுழற்றிக் காட்டும் ஜேஎஸ்மோல் என்னும் சாதனம் விஞ்ஞான ஆசிரியர்களுக்குப் பெரிதும் பயன்படுவதாகும். கட்டணமின்றிக் கிடைக்கும் இது உலாவியிலேயே ஜாவாஸ்கிரிப்ட் மொழியால் இயங்குகிறது. இதற்குக் கட்டளை எழுதுவோர் முதற்கண் அறிய வேண்டுவது ஒன்றுண்டு: கட்டளையிடும் வேளை வேறு, காரியம் முடியும் வேளை வேறு.

ஹீமோகுளோபினை உதாரணமாகக் கொள்ளலாம். இதன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் 4 இரும்பணுக்கள் உள்ளன. புரதத் தரவு வங்கியில் 4எச்எச்பி என்ற குறியீடு பெற்ற கோப்பினை வரவழைக்கக் கட்டளையிட்டு, அடுத்த வரியிலேயே இரும்பணுக்கள் எத்தனை என வினவினால், 0 என்ற விடை கிடைக்கக்கூடும். சாதனம் பழுதுபடவில்லை, கோப்பு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவே. பிழைச் செய்தி ஏதும் தோன்றாவிடின் அத்தவறான எண்ணே மாணவரின் குறிப்பேட்டில் ஏறிவிடும்.

இதன் காரணம் எளிது. கோப்பை அனுப்புமாறு தொலைவிலுள்ள கணினியைக் கேட்டபின், ஜாவாஸ்கிரிப்ட் காத்திராமல் அடுத்த வரிக்குச் சென்றுவிடும். கோப்பு வந்தபின் இயங்க வேண்டிய பகுதியே ‘கால்பேக்’, அதாவது மறு அழைப்பு. நடந்துகொண்டிருக்கும் வேலை முடிந்த பின்னரே அதன் முறை வரும்.

இரண்டு விநாடி கழித்து வினவுமாறு எழுதிவிடுவோரும் உளர். வேகமான இணைப்பில் அந்நேரம் வீணாகும். கிராமப் பள்ளியின் மந்தமான இணைப்பில் அதுவும் போதாது. ஆதலின் காலத்தை ஊகித்தல் தகாது. கோப்பு ஏற்றப்பட்டதும் அறிவிப்பதற்கென்றே ‘லோட்ஸ்ட்ரக்ட்கால்பேக்’ என்னும் வசதி இச்சாதனத்தில் அமைந்துள்ளது. கோப்பின் பெயரையும், பிழை நேர்ந்திருப்பின் அதனையும் அது தெரிவிக்கும். வினாவை அதனுள் வைப்பதே முறை.

மற்றொரு எச்சரிக்கையும் வேண்டும். கோப்புகளை வலைப்பக்கமே தனித்தனியாக வரவழைத்துச் சாதனத்திடம் கொடுக்கும்போது, மாணவர் ஹீமோகுளோபினைக் கேட்டு உடனே இன்சுலினையும் கேட்கலாம். முந்திக் கேட்டது பிந்தி வருமாயின், இன்சுலின் என்ற தலைப்பின்கீழ் ஹீமோகுளோபின் தோன்றும். கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் இட்டு, கடைசி எண்ணுக்குரிய விடையை மட்டும் ஏற்று, ஏனையவற்றைத் தள்ளிவிட வேண்டும்.

உலாவியின் சோதனைக் கருவிகளில் இணைப்பைச் செயற்கையாக மந்தமாக்கும் வசதி உண்டு. வகுப்புக்கு முன்னர் ஆசிரியர் அதனைக் கொண்டு ஒருமுறை சோதித்தல் நன்று. மந்தமான இணைப்பிலும் 4 என்ற விடையே வருமாயின், பாடத்தைத் தயக்கமின்றித் தொடங்கலாம்.