தொப்பையும் ஹார்மோனும்

"நான் சாப்பிடுவதே கொஞ்சம்தான், ஹார்மோன் கோளாறினால்தான் வயிறு வைத்துவிட்டது" என்று சொல்பவர்கள் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் ஏராளம். அதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியை இன்று பார்ப்போம். நான் மருத்துவர் அல்ல. படித்தும் கேட்டும் அறிந்ததைச் சொல்கிறேன்.

தோலுக்கு அடியில் கைக்குப் பிடிபடும் கொழுப்பு ஒருவகை. குடலையும் கல்லீரலையும் சுற்றி உள்ளே படிவது மற்றொரு வகை. வம்பு செய்வது இந்த இரண்டாவதுதான். அதிலிருந்து கசியும் கொழுப்பு கல்லீரலுக்குப் போவதால், அங்கே இன்சுலினின் பேச்சு எடுபடுவதில்லை. கணையம் இன்னும் அதிகமாக இன்சுலின் சுரக்கிறது. இன்சுலினோ கொழுப்பைச் சேமித்து வைக்கச் சொல்லும் ஹார்மோன்! ஆக, ஹார்மோனால் தொப்பை. தொப்பையால் ஹார்மோன் கோளாறு. கொழுப்பே ஹார்மோன் சுரக்கும் ஓர் உறுப்பு என்பது 1994-ல் லெப்டின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு உறுதியானது.

இதில் நம்மவர்களுக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், தம் வெள்ளைக்கார நண்பரான ஒரு டாக்டருடன் எடுத்த படம் 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. உயரத்துக்கேற்ற எடை இருவருக்கும் ஒன்றே. உடல் கொழுப்பு மட்டும் நண்பருக்கு 9.1 விழுக்காடு, இவருக்கு 21.2! எனவே தராசை நம்பாதீர்கள், அளவு நாடாவை எடுங்கள். மூச்சை விட்டபின், விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் அரசாங்க கிளினிக்கில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் மட்டும் 31.4.

தோட்டத்தில் இருந்த நம் பெற்றோர் விடியுமுன் பிரட்டுக்குப் போய், நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, காண்டாவாளி சுமந்தார்கள். சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்வது தசைதான்; அவர்கள் தட்டில் இருந்த சோறு தசைக்கே போனது. பால்மரங்கள் செம்பனையாகவும் தாமானாகவும் மாறின. பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் பாதுகாவலர் வேலைக்கும் போனார்கள். தட்டில் சோறு மட்டும் குறையவில்லை. போதாததற்குத் தே தாரிக் வேறு. இரவு வேலையில் தூக்கம் கெட்டால் பசியும் கூடும்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால், தொடையில் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. எடை ஏறாமலே வயிறு தெரியும். கேலி செய்யும் கணவன்மாரே, தொப்பை உங்கள் டெஸ்டோஸ்டிரோனையும் குறைக்கும்!

கடைசியாகக் கார்ட்டிசோல். அட்ரினல் சுரப்பியின் இந்த ஹார்மோன் அளவு மீறினால் முகம் உருண்டு, வயிறு பெருத்து, கைகால் மெலியும். 1912-ல் ஹார்வி குஷிங் விவரித்த இந்நோய் தானாக வருவது மிக அபூர்வம். ஆனால் முட்டி வலிக்கென்று பாசார் மாலாமில் வாங்கும் ஜாமு, மஞ்சூன் வகைகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. கார்ட்டிசோல் செய்வதையெல்லாம் அதுவும் செய்யும். வலி மாயமாய்ப் போகும், பசி எடுக்கும், "உடம்பு தேறிவிட்டது" என்று அக்கம்பக்கம் சொல்லும். பல காலம் மரம் வெட்டித் தேய்ந்த முட்டிக்காரர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது என் வருத்தம்.

பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தில் 'எம்ஏஎல்' என்று தொடங்கி 'டி' என்று முடியும் எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கும். இல்லாததை வாங்காதீர்கள். ஏற்கெனவே பல மாதமாகச் சாப்பிட்டு வருபவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடவும் கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போங்கள். எப்படி நிறுத்துவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.