கோழி எச்சத்தில் வெள்ளை: யூரிக் அமிலத்தை எங்கே பார்ப்பது?

நாட்டுக்கோழி வளர்க்கும் சிறு விவசாயி ஒருவர் காகிதப் பொட்டலத்தில் கோழி எச்சத்துடன் என்னிடம் வந்தார். 10 வாரக் குஞ்சுகள் தினமும் நாலைந்தாகச் செத்துக்கொண்டிருந்தன. "எங்க அப்பாருக்கு மூட்டுவலி வந்தப்ப சிறுநீரில் யூரிக் அமிலம் பார்த்தாங்க. எச்சம் வெள்ளையா இருக்கறதும் அதுதான்னு சொல்றாங்க. சோதிச்சுச் சொல்லுங்கய்யா" என்றார். பலருக்கும் எழும் ஐயம் இது.

மனிதருக்கும் கோழிக்கும் உள்ள வேறுபாடு

மனிதரிடம் 24 மணி நேரச் சிறுநீர் முழுவதையும் சேர்த்துச் சோதிப்பார்கள். பொதுவாக நாளொன்றுக்கு 250 முதல் 750 மில்லிகிராம் யூரிக் அமிலம் வெளியேறும். இதற்கு மேல் போனால் உடலில் அதிகம் உற்பத்தியாகிறது என்று கொள்ளலாம். இரத்தத்தில் மிகுந்தும் சிறுநீரில் குறைந்தும் இருந்தால் சிறுநீரகம் சரியாக வெளியேற்றவில்லை என்று பொருள்.

கோழியின் கதை வேறு. தீவனப் புரதத்தின் கழிவே அதற்கு யூரிக் அமிலமாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீர்ப்பை கிடையாது. சிறுநீரும் மலமும் ஒரே வழியாக வருகின்றன. எச்சத்தின் மேல் படியும் வெள்ளை யூரிக் அமிலமே. ஆகவே அந்த வெள்ளை இருப்பது இயற்கை. அதை அளப்பதால் நோயை அறிய முடியாது. வெளியே வருவதால் கெடுதல் இல்லை. வெளியேற முடியாமல் உள்ளே தேங்குவதுதான் ஆபத்து.

உள்ளே தேங்கினால்

சிறுநீரகம் கெட்டால் இரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறி, உள்ளுறுப்புகள் மீது படிகிறது. இதையே 'கவுட்' நோய் என்கிறோம். கோழி சோர்ந்து, தீவனம் எடுக்காமல், இறகு சிலிர்த்து நிற்கும். சில கோழிகள் அறிகுறியின்றியே இறக்கும். இறந்த கோழியை அறுத்துப் பார்த்தால் இதய உறை, கல்லீரல் மீது சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படிவு தெரியும். சிறுநீரகம் வீங்கி வெளுத்திருக்கும். இப்பரிசோதனையும் இரத்தச் சோதனையுமே நம்பத்தக்கவை.

காரணங்கள்

1. முட்டைக்கோழித் தீவனத்தை வளரும் குஞ்சுகளுக்குக் கொடுப்பது. அதில் சுண்ணாம்புச்சத்து 3.5 முதல் 4 சதவீதம். வளரும் குஞ்சுக்குச் சுமார் 1 சதவீதமே போதும்.

2. தண்ணீர்ப் பற்றாக்குறை. அடைத்த குழாய், எட்டாத உயரத்தில் தண்ணீர்த் தட்டு, கோடையில் சூடேறிய நீர் ஆகியவை.

3. பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம், பிண்ணாக்கு.

4. சமையல் சோடா, உப்பு, புரதம் ஆகியவை அளவு மிஞ்சுவது.

5. சிறுநீரகத்தைத் தாக்கும் சில நச்சுயிரி நோய்கள்.

செய்ய வேண்டியவை

இரண்டு, மூன்று கோழிகள் இறந்ததுமே, அழுகும் முன்பு கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்று அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன தீவனம், எப்போது வாங்கியது, எந்த மருந்து கொடுத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் கூறுங்கள். சந்தேகமான தீவனத்தை உடனே நிறுத்துங்கள். குளிர்ந்த, சுத்தமான நீர் இரவும் பகலும் கிடைக்கட்டும். வெல்லம் கரைத்த நீர், உடைத்த மக்காச்சோளம் ஆகியவற்றைச் சில நாள் கொடுப்பதுண்டு. அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும். கடையில் கேட்டு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வாங்கிக் கொடுக்க வேண்டாம். சில மருந்துகள் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

மேற்சொன்ன விவசாயியின் கோழிகளை அறுத்தபோது வெள்ளைப் படிவு தெளிவாகத் தெரிந்தது. விசாரித்ததில், மலிவாகக் கிடைத்ததென்று முட்டைக்கோழித் தீவனம் இரண்டு மூட்டை வாங்கி ஒரு மாதமாகக் கொடுத்திருந்தார். தீவனத்தை மாற்றிய பின் சாவு படிப்படியாக நின்றது. ஆனால் சிறுநீரகம் முற்றிலும் கெட்டவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. மூட்டைக்கு மிச்சம் பிடித்த பணத்தைப் போலப் பல மடங்கு கோழியில் போயிற்று.

ஆகவே தீவன மூட்டை வாங்கும்போது அது எந்த வயதுக் கோழிக்கு என்று சீட்டைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். படிக்க இயலாதவர் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.