கடவுச்சீட்டைப் பூட்டிவைத்து ஊக்கத்தைத் தேடுவதா?

வன்னியம்பட்டியைச் சுற்றி, இராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமெங்கும் நூற்பாலைகள். இழை அறுந்தால், மேஸ்திரி வரட்டும் என்று காத்திருப்பானா நம் தொழிலாளி? மாட்டான், தானே ஓடிப் பிணைப்பான். வேலையே போனாலும் சாய்ந்துகொள்ளச் சொந்த ஊர் உண்டு. கேட்க நாதி உண்டு.

அவனே வளைகுடா சென்றதும், "சொன்னதைச் செய்தால் போதும்" என்று ஒதுங்குகிறான் என்றால், குறை அவனிடமா? இல்லை! வேலை, விசா, படுக்கை, சோறு அத்தனையும் ஒரே முதலாளியின் கையில் கட்டிவைத்த முறைக்குப் பெயர் 'கஃபாலா'. பல இடங்களில் கடவுச்சீட்டும் முதலாளியின் பெட்டியிலே! வாய் திறந்தால் விமானம் ஏற்றிவிடுவார் என்று அஞ்சுகிறவனுக்கு யோசனை பிறக்குமா?

கடல் கடந்த தமிழனுக்கு இது புதிதன்று. 1941-இல் மலேயாவின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனருக்கு இணையான கூலி கேட்டனர். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் இழிவு ஒழியவேண்டும் என்றனர். கிடைத்த பதில், துப்பாக்கிக் குண்டு!

வேலை மாற முதலாளியின் சம்மதம் வேண்டாம் என்று 2020-இல் சட்டம் செய்தது கத்தார். இலட்சக்கணக்கானோர் வேலை மாறினர். பூட்டுத் திறந்தது, கால் நடந்தது! ஆயினும் அயல்நாட்டுத் தொழிலாளிக்குச் சங்கம் அமைக்கும் உரிமை அங்கே இல்லை.

முதலாளிமாரே, ஊக்கம் வேண்டுமா? நாள் தவறாமல் ஊதியம் கொடுங்கள்; தவறு செய்தால் திருத்துங்கள், துரத்தாதீர்கள். இயந்திரத்தின் கோளாறை அவனே முன்வந்து சொல்வான்.

தோழர்களே, புறப்படும் தம்பியிடம் சொல்லுங்கள்: ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்திடு, கடவுச்சீட்டு உன் பையிலேயே இருக்கட்டும்!