25 டிகிரியில் பூக்கும் உப்பு

பொருளைப் பிரித்தல் – 9

கலங்கிய ஆற்றுநீரைத் துணியில் வடிகட்டினால் மண் மேலே தங்கிவிடும் என்று சென்ற வாரம் பார்த்தோம். கடல்நீரிடம் அது பலிக்காது. எவ்வளவு நெருக்கமான துணியில் வடித்தாலும் அதே கரிப்போடுதான் கீழே இறங்கும். உப்பு அங்கே துகளாக மிதக்கவில்லை என்பதே காரணம். சோடியம் அணு தன் வெளிக்கூட்டில் இருந்த ஒற்றை எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு நேர்மின் அயனியாகவும், குளோரின் அணு ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு எதிர்மின் அயனியாகவும் நீர் மூலக்கூறுகளுக்கு நடுவே தனித்தனியே திரிகின்றன. அவ்வளவு நுண்ணியதைப் பிடிக்கும் கண் எந்தத் துணிக்கும் இல்லை.

நீரை ஆவியாக்கினால் உப்பு கிடைக்குமே என்று எட்டாம் வகுப்பு மாணவரும் சொல்லிவிடுவார். அது பாதி விடைதான். ஒரு லிட்டர் கடல்நீரைக் கடைசிச் சொட்டு வரை காய்ச்சினால் சுமார் 35 கிராம் வெள்ளைப் பொருள் மிஞ்சும். அதில் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு ஏறக்குறைய 27 கிராம். மற்றவை மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் உப்புகள். எல்லாம் கலந்த அந்தப் பொடி கசக்கும்; ஈரக்காற்று பட்டால் கசிந்துவிடும். நீரிலிருந்து உப்பைப் பிரிப்பது எளிது. ஓர் உப்பிலிருந்து இன்னோர் உப்பைப் பிரிப்பதில்தான் வேதியியல் இருக்கிறது. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளத் தொழிலாளர்கள் வெயிலையும் காற்றையும் வைத்தே அதைச் செய்து முடிக்கிறார்கள்.

அவர்களுக்குக் கைகொடுப்பது கரைதிறன். ஜிப்சம் எனப்படும் கால்சியம் சல்பேட், ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் இரண்டு கிராமுக்குச் சற்று அதிகமாகத்தான் கரையும். சோடியம் குளோரைடு சுமார் 360 கிராம் கரையும். மக்னீசியம் குளோரைடு 500 கிராமுக்கும் மேல் கரையும். ஆகவே நீர் வற்ற வற்ற, குறைவாகக் கரைவது முதலில் வெளியேறும். அதிகம் கரைவது கடைசி வரை நீரிலேயே நிற்கும். இந்த வரிசையை 1849-இல் உசில்லியோ என்ற வேதியியலாளர் மத்தியதரைக் கடல்நீரை வற்றவைத்து அளந்து காட்டினார். நீர் ஏறக்குறைய பாதியானதும் கால்சியம் கார்பனேட் படிந்தது. ஐந்தில் ஒரு பங்கானதும் ஜிப்சம். பத்தில் ஒரு பங்கானதும் சாப்பாட்டு உப்பு.

உப்பளம் இந்த வரிசைப்படியே அமைந்திருக்கிறது. கடல்நீர் முதலில் பெரிய தேக்கங்களில் நிற்கிறது. தூத்துக்குடியில் பல அளங்களில் கடல்நீருக்குப் பதிலாக நிலத்தடி உப்புநீரை இறைக்கிறார்கள். அது கடலைவிடச் செறிவானது என்பதால் வெயிலுக்கு வேலை குறைகிறது. அங்கிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பாத்திகளுக்கு நீர் நகர்கிறது. அடர்த்தியை அளப்பது போமே மானி. பிரெஞ்சுக்காரரான அந்துவான் போமே 1768-இல் உருவாக்கிய அந்தக் கண்ணாடிக் குழாய், நீர் அடர்த்தியாக ஆக மேலெழுந்து மிதக்கும். கடல்நீர் அதில் மூன்று டிகிரியைச் சற்றுத் தாண்டும். பதின்மூன்று, பதினான்கு டிகிரியைக் கடக்கும்போது ஜிப்சம் அடியில் படியத் தொடங்கிவிடும். அதை அங்கேயே விட்டுவிட்டு, 25 டிகிரியை நெருங்கிய தெளிநீரை மட்டும் மிதித்துக் கெட்டிப்படுத்திய உப்புப் பாத்திக்குத் திறந்துவிடுகிறார்கள்.

அங்கே உப்பு பூப்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். காற்று அடங்கிய நேரத்தில் நீரின் மேற்பரப்பில் கடுகளவு சதுரங்கள் தோன்றி மிதக்கும். விளிம்புகள் நடுப்பகுதியை விட வேகமாக வளர்வதால் ஒவ்வொன்றும் படிக்கட்டு வைத்த, உள்ளே குழிந்த, தலைகீழ்க் கூம்பாகும். எடை கூடியதும் மூழ்கி, அடியில் கனசதுரங்களாக வளரும். சோடியமும் குளோரைடும் மாறி மாறி அடுக்கப்பட்ட அயனி வரிசையின் வடிவம்தான் அந்தச் சதுரம். கண்ணுக்குத் தெரியாத அமைப்பைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டும் பொருள் இதைவிட மலிவாக எதுவும் இல்லை.

பேராசைப்பட்டு நீர் முழுவதும் வற்றும் வரை காத்திருந்தால் எல்லாம் கெடும். 29, 30 டிகிரி வந்ததும் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். தாமதித்தால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து, உப்பு கசக்கத் தொடங்கும். எப்போது நிறுத்துவது என்று அறிவதே இந்தத் தொழிலின் உச்சத் திறமை.

வடித்துவிட்ட அந்தக் கசப்பு நீரும் வீண் அல்ல. 1826-இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் பலார் என்ற இளைஞர், உப்பளக் கசப்பு நீரில் குளோரினைச் செலுத்தினார். நீர் செம்மஞ்சளாக மாறியது. புதிய தனிமமான புரோமின் வெளிப்பட்டது. ஒரு லிட்டர் கடல்நீரில் புரோமைடு சுமார் 65 மில்லிகிராம்தான். உப்பெல்லாம் வெளியேறிய பிறகு அது பல மடங்கு செறிந்திருந்தது. குளோரின் புரோமினைவிட வினைத்திறன் மிக்கது. ஆகவே புரோமைடு அயனியிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு புரோமினை வெளியே தள்ளுகிறது. மயில்துத்தக் கரைசலில் இட்ட இரும்பு ஆணியில் செம்பு படிவதும் இடப்பெயர்ச்சி வினைதான். குஜராத்தின் கட்ச் பகுதியில் இன்றும் இந்த வினையால்தான் புரோமின் எடுக்கிறார்கள்.

ஆக, அணு, வினைத்திறன், கலவையைப் பிரித்தல் என்று நம் பாடநூல் தனித்தனி அலகுகளாக வைத்திருக்கும் மூன்றும் ஓர் உப்பளத்தில் ஒன்றாகவே நடக்கின்றன. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடலோரத்தில் இருப்பவர்கள் மாணவர்களை ஒருமுறை உப்பளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பாத்தியில் நிற்பவரையே பாடம் நடத்தச் சொல்லுங்கள். மற்றவர்கள் கல்லுப்பைக் கரைத்து, வடிகட்டி, அகன்ற தட்டில் வெயிலில் வையுங்கள். பாதி உப்பு பூத்ததும் மிச்ச நீரை வேறு தட்டில் ஊற்றி இரண்டையும் தனித்தனியே காயவிடுங்கள். மழை நாளில் எந்தத் தட்டு முதலில் கசிகிறது என்று மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

(தொடரும்)