கைமுறை லென்சிலும் ஃபிளாஷ் தானே ஒளியை அளப்பது எப்படி?

மன்னார்த் தீவின் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தின் பருத்த அடியை அந்தியில் படமெடுப்பவர், மின் தொடர்பற்ற பழைய கைமுறை லென்சைப் புதிய கேமராவில் பொருத்தியிருந்தாலும், வேண்டிய ஒளியைத் தந்ததும் ஃபிளாஷ் தானாகவே அணையும்படி செய்ய இரு வழிகள் உள்ளன.

முதலாவது வழியில், ஃபிளாஷின் முகப்பிலுள்ள உணரி, மரத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து, போதிய அளவு சேர்ந்ததும் மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. உணரி லென்சின் வழியே பார்ப்பதில்லை என்பதால், லென்சில் ஒளி புகும் துளையின் அளவான எஃப்-எண்ணையும் ஐஎஸ்ஓ உணர்திறனையும் ஃபிளாஷில் கையாலேயே குறித்தாக வேண்டும். ஃபிளாஷில் எஃப்/8 என்று குறித்துவிட்டு லென்சை எஃப்/4 இல் வைத்தால், கேமராவுக்குள் நான்கு மடங்கு ஒளி புகுந்து படம் வெளுத்துவிடும்.

இரண்டாவது, லென்சின் வழியே அளக்கும் டிடிஎல் முறையாகும். 1975இல் வெளிவந்த ஒலிம்பஸ் ஓஎம்-2, ஃபிலிமில் பட்டுத் திரும்பிய ஒளியை அளந்து ஃபிளாஷை நிறுத்தியது. இன்றைய டிஜிட்டல் கேமராக்கள் படம் பதிவதற்குச் சற்று முன் வெட்டும் முன்னொளியை அளந்து கணக்கிடுகின்றன. கைமுறை லென்சின் துளை ஏற்கெனவே சுருங்கியிருந்தால், முன்னொளியும் அதன் வழியாகவே வருவதால், துளையின் விளைவு அளவீட்டிலேயே அடங்கிவிடுகிறது. எனினும் சில கேமராக்களுக்கு லென்சின் விவரத்தை முன்கூட்டியே தர வேண்டும்.

இரு முறைகளும் திரும்பி வரும் ஒளியையே நம்புவதால், மரம் சிறிதாகவும் சுற்றிலும் இருண்ட வானமாகவும் அமையும்போது ஃபிளாஷ் மிகையாக ஒளிரும்; வெண்மணல் நிறைந்த காட்சியிலோ அது முந்தி அணைந்துவிடும். எனவே முதற்காட்சியில் ஒளியைக் குறைத்தும் அடுத்ததில் கூட்டியும் திருத்துவது படமெடுப்பவரின் பொறுப்பாகும்.